வாசகர் கேள்விகள்: அயல்நாட்டுப் பங்குக் கோவிலில் நமக்கான இடம்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் மதுரை மாவட்டம் கருமாத்தூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். இரண்டு ஆண்டுகளாக ஜெர்மனியின் கொலோன் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஊரில் இருந்தவரை ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் பாடுவேன். அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும். இங்கே வீட்டருகில் உள்ள கோவிலுக்குத் தவறாமல் போகிறேன். முப்பது, நாற்பது முதியவர்கள் ஆளுக்கொரு பெஞ்சில் தள்ளித் தள்ளி அமர்ந்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள். இன்றுவரை யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறை, ரயிலில் போகும் தொலைவில் நடக்கிறது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத் தமிழர்கள். அவர்கள் நெடுங்காலமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் நான் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உடன் பணிபுரியும் தோழி தன் சபையின் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். முதல் நாளே பெயர் கேட்டார்கள், பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இதற்கிடையில் சம்பளத்தில் திருச்சபை வரி பிடிக்கிறார்கள். பெயரை நீக்கிவிட்டால் வரி இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு எங்கே இடம் என்று தெரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கொலோன்

பதில்: அன்புச் சகோதரி, பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது சிறிய குறை அன்று. நற்கருணையை ஒரே பீடத்திலிருந்து பெற்றுக்கொள்கிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஆண்டுக்கணக்கில் வந்துபோவது வருந்தத்தக்கது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வருத்தம் பக்திக் குறைவினால் வந்தது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

நம் ஊர்ப் பங்குகளில் யாரும் போய்ச் சேர்வதில்லை. தாத்தாவின் பெயர் பங்குப் பதிவேட்டில் இருக்கிறது, வீடு தலைக்கட்டு வரி கொடுக்கும் வீடாக இருக்கிறது, உபதேசியாருக்கு வாசற்படி தெரிகிறது. நாம் பேசத் தொடங்குவதற்கு முன்பே கோவிலில் நமக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் தெரியாத ஒரு பங்கினுள் நுழைவது எப்படி என்று கற்றுக்கொள்ளும் தேவையே நமக்கு வந்ததில்லை. அந்தப் பாடத்தை ஊரில் எவரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல், ஒரு விமானச் சீட்டையும் ஒரு செபமாலையையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜெர்மானியக் கோவிலின் மௌனத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பூசைக்கு முன்னும் பின்னும் பேசாதிருப்பதைச் செபத்தின் பகுதியாகவே கருதுகிறார்கள். அறிமுகமில்லாதவரிடம் வலிந்து பேசுவதை அவர் தனிமையில் தலையிடுவதாக எண்ணுகிறார்கள். அத்துடன், ஜெர்மனியில் கத்தோலிக்கராகப் பதிவு பெற்றவர்களில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. குருக்கள் போதாமல் பல பங்குகளை ஒன்றாக இணைத்திருப்பதால், ஒரே பங்குத்தந்தை நான்கைந்து கோவில்களைக் கவனிக்கும் நிலை பரவலாக இருக்கிறது. உங்களுக்குப் பூசை வைத்தவர் அடுத்த பூசைக்காக வேறொரு கோவிலுக்கு விரைந்துகொண்டிருக்கலாம். நம் ஊரில் பூசை முடிந்ததும் சாமியார் வாசலில் நின்று 'அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது' என்று கேட்பதைப் போல அங்கே நடக்காததற்கு இவையெல்லாம் காரணங்கள். அங்கே கதவு தானாகத் திறக்காது. நீங்கள்தான் தட்ட வேண்டியிருக்கும்.

எங்கே தட்டுவது என்பதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் தட்டாதீர்கள். வார நாளில் பங்கு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். நீங்கள் அந்நகரில் குடியேறி முகவரியைப் பதிவு செய்தபோது சமயம் என்ற இடத்தில் ரோமன் கத்தோலிக்கர் என்று எழுதியிருப்பீர்கள். நகர நிர்வாகம் அந்தத் தகவலைத் திருச்சபைக்கு அனுப்பிவிடும். வரி பிடிக்கப்படுவதே உங்கள் பெயர் அவர்களிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று. அதாவது, நீங்கள் அங்கே விருந்தாளி அல்லர், ஏற்கெனவே பங்கின் உறுப்பினர். பங்குப்பேரவைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது: ஓரிடத்தில் மூன்று மாதம் வாழ்ந்தாலே, அல்லது அவ்வளவு காலமாவது தங்கும் எண்ணத்துடன் குடியேறினாலே, அவ்விடத்துப் பங்குத்தந்தை நமக்கும் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார், ஐந்து ஆண்டுகள் நிறைந்தால் திருச்சபைச் சட்டப்படி அதுவே நமது நிலையான வாழிடம் ஆகிவிடுகிறது. இது வேறொருவர் நமக்குக் காட்டும் இரக்கம் அன்று, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் எழுதப்பட்ட உரிமை.

வரியைப் பற்றிக் கேட்டிருப்பதால் இங்கேயே அதையும் சொல்லிவிடுகிறேன். திருச்சபை வரி உங்கள் சம்பளத்தின் மீது விதிக்கப்படுவதில்லை. நீங்கள் கட்டும் வருமான வரியின் மீது விதிக்கப்படுகிறது. பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பர்க்கிலும் அது நூற்றுக்கு 8, உங்கள் மாநிலம் உட்பட மற்ற இடங்களில் 9. அதை நிறுத்த வேண்டுமானால் அரசு அலுவலகத்தில் திருச்சபையை விட்டு விலகுகிறேன் என்று முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் அதைப் பணம் தொடர்பான ஒரு படிவமாகப் பார்க்கிறார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆயர்கள் வெளியிட்ட ஆணையின்படி, அவ்வாறு விலகியவர் நற்கருணை உள்ளிட்ட அருள்சாதனங்களைப் பெற முடியாது, ஞானத்தாயாக நிற்க முடியாது, பங்கின் பொறுப்புகளில் இருக்க முடியாது. இடமில்லையே என்று ஏங்கும் நீங்கள், இருக்கும் இடத்தையும் உங்கள் கையெழுத்தாலேயே அழித்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பங்கு அலுவலகத்தில் என்ன கேட்பது? 'எனக்கு இங்கே யாரையும் தெரியாது' என்று மட்டும் சொன்னால் அன்பாகத் தலையசைத்து ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தனுப்பக்கூடும். 'நான் பாடுவேன், எந்தக் குழுவில் சேரலாம்' என்று கேளுங்கள். நாளும் நேரமும் குறிக்கப்பட்ட ஒரு சிறு பணியைக் கேட்டுப் பெறுவதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏனெனில் ஒருவர் வராவிட்டால் அவரைத் தேடுவதற்குக் காரணம் இருக்கும்போதுதான் அந்தச் சமூகம் அவரை அறியத் தொடங்குகிறது. ஊரிலும் உண்மையில் அப்படித்தான் நடந்தது: நீங்கள் ஒரு ஞாயிறு வராவிட்டால் பாடகர் குழுவில் ஒரு குரல் குறைந்தது. அங்கே பாடகர் குழுப் பயிற்சி பெரும்பாலும் வார நாள் மாலையில் நடக்கும். பாடல்கள் பொதுவான ஒரே பாடல் புத்தகத்தில் இருக்கின்றன, பாடலின் எண்ணைச் சுவரில் ஒளிரவைக்கிறார்கள். செவிலியர் பணிக்காக ஜெர்மன் மொழியில் தேர்வு எழுதித் தேறிய உங்களுக்கு, 'பரலோக மந்திரத்தையும்' விசுவாச அறிக்கையையும் அம்மொழியில் மனப்பாடம் செய்வது பெரிய வேலையாக இராது. வாசகங்கள் புரியாமல் போகுமோ என்று அஞ்ச வேண்டாம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் உலகெங்கும் ஒன்றே என்பதால், முந்தின இரவு அதே பகுதியைத் தமிழில் வாசித்துவிட்டுப் போகலாம். அந்த ஞாயிறு கருமாத்தூர்ப் பக்கத்துக் கோவில்களில் வாசிக்கப்படுவதும் அதே நற்செய்திதான்.

ஞாயிறன்று பணி இருந்தால், சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடமையை நிறைவேற்றும். எந்தப் பூசையானாலும் கூடியவரை அதே பூசைக்கு, அதே பெஞ்சுக்குப் போங்கள். முதியவர்கள் முகத்தை நினைவில் கொள்வது அப்படித்தான். நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் ஆவலாக இருப்பார்கள். ஆனால் வாரம் முழுவதும் நோயாளிகளுடன் இருக்கும் நீங்கள் ஓய்வு நாளிலும் அதையே செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. சனவரி 6ஆம் நாளையொட்டி, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகப் பாடிச் சென்று ஏழைக் குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்டி, கதவு நிலையில் ஆசீர் எழுதிவிட்டு வருவார்கள். ஒவ்வொரு குழுவோடும் நடக்கப் பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள், ஆள் கிடைப்பது எளிதன்று. கொலோன் பேராலயத்திலேயே மூன்று அரசர்களின் எலும்புகள் எனப்படும் திருப்பண்டம் 1164 முதல் போற்றப்படுவதால் உங்கள் நகரில் அந்தத் திருவிழாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒரு பகல் முழுவதும் குளிரில் சிறுவர்களோடு தெருத்தெருவாக நடந்தால், ஆண்டுக்கணக்கில் பெஞ்சில் அமர்ந்து அறியாத வீடுகளை அன்று அறிவீர்கள். நற்கருணைத் திருவிழாவன்று நகரின் ம்யூல்ஹைம் பகுதியில் நற்கருணையைக் கப்பலில் ஏந்தி ரைன் ஆற்றில் பவனி செல்கிறார்கள். தேர்பவனி இல்லாத ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தால் அதைப் போய்ப் பாருங்கள்.

இந்த இடத்தில் மதுரையின் நினைவு எனக்கு வருகிறது. 1595ஆம் ஆண்டு கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகள் மதுரையில் பணியைத் தொடங்கியபோது, அவருடைய கோவிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் முத்துக்குளித்துறையிலிருந்து வந்து நகரில் தங்கியிருந்த பரதவ மக்களும் போர்த்துக்கீசியருமே. மதுரையின் முதல் கத்தோலிக்கச் சமூகமே வெளியூரிலிருந்து வந்தவர்களின் சமூகம்தான். பல ஆண்டுகள் அது நகரத்தாரோடு கலக்காமல் தனித்தே இருந்தது. 1606இல் வந்த இராபர்ட் தே நோபிலி, நாம் தத்துவ போதகர் என்று போற்றுகிறவர், தமிழையும் வடமொழியையும் கற்று, நகரத்தாரின் உணவையும் உடையையும் ஏற்றுக்கொண்டு, அவர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகே வாசல்கள் திறந்தன. இத்தாலியிலிருந்து வந்தவருக்கு மதுரை எவ்வளவு அந்நியமாக இருந்திருக்குமோ, அதைவிட அதிகமாகக் கொலோன் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

தமிழ்ப் பூசையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாய்மொழியில் செபிப்பது சலுகை அன்று. குடிபெயர்ந்தோரின் மேய்ப்புப்பணி குறித்து 1952இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் வெளியிட்ட ஆவணம் அதைத் திருச்சபையின் கடமையாகவே முன்வைத்தது. ஜெர்மனியில் அந்தப் பூசை நடப்பதற்குக் காரணம் ஈழத் தமிழர்களே. 1983க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்கள், வீடும் நிலமும் இழந்த நிலையிலும் தங்களுக்கு ஒரு குரு வேண்டும், தமிழில் பூசை வேண்டும் என்று கேட்டுப் பெற்றதன் பலனை இன்று நீங்களும் பெறுகிறீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது சேர்ந்து பட்ட துயரத்தினால். அதை மதித்து, ஓரமாக நிற்காமல், அடுத்த முறை சற்று முன்பே போய்ப் பாத்திரம் கழுவவோ பாடல் தாள் கொடுக்கவோ கேளுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஜெர்மனியிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள். இந்துக்களும் நேர்ச்சையோடு வருகிறார்கள். துயருற்றோரின் ஆறுதல் என்று 1642 முதல் அழைக்கப்படும் அந்த அன்னையின் திருத்தலம் உங்கள் நகரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் மாதம் ஒருமுறை கூடும் தமிழ்ச் சமூகம் உங்களுக்குத் தாய்வீடு போன்றது. தாய்வீட்டுக்குப் போய்வருவதற்காகச் சொந்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்க முடியாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். நம்மவர்கள் கூடுமிடங்களில் 'எந்த ஊர், யார் பிள்ளை' என்ற விசாரிப்பு, சில வேளை அன்பின் பெயரால் சாதியை அறிந்துகொள்ளும் விசாரிப்பாக முடிகிறது. நம் மறைமாவட்டங்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பி வைத்த பாவத்தை நாம் இன்னும் முழுமையாகக் கழுவவில்லை; அதைக் கடல் கடந்தும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஊரில் எனக்கு இடம் இருந்தது என்று நீங்கள் நினைக்கும் அதே கோவிலில், இடம் மறுக்கப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். அத்தகைய விசாரிப்புக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கில்லை. அப்படி விசாரிக்கப்பட்டு மனம் நொந்து நிற்கும் இன்னொருவரைக் கண்டால் அவர் பக்கத்தில் போய் அமருங்கள்.

தோழியின் ஜெபக் கூட்டத்தைப் பற்றி: உங்களுக்குச் சோறு போட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் செய்தது நற்செய்தி சொல்லும் காரியம்தான். தோழியோடு போய்ச் செபிப்பதில் தவறில்லை. ஆனால் ஞாயிறு பூசைக்கு அது ஈடாகாது. நற்கருணையில் ஆண்டவர் நம்மோடு இருக்கிறார் என்று நாம் நம்புவதால்தான், பெயர் கேட்க ஒருவரும் இல்லாத கோவிலுக்கும் நீங்கள் இத்தனை நாள் தவறாமல் போயிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல், ஜெபக் கூட்டத்தில் கற்றுக்கொண்டதை உங்கள் கோவிலில் செய்யுங்கள்: ஞாயிறு பூசையில் உங்களைப் போலவே தனியாக நிற்கும் ஒரு முகம் நிச்சயம் இருக்கும், நைஜீரியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம், கணவரை இழந்து தனியாக வாழும் ஒரு ஜெர்மானிய மூதாட்டியாகவும் இருக்கலாம். அவருடைய பெயரை நீங்கள் கேளுங்கள்.

* * *

கேள்வி: என் மகன் குவைத்தில் ஓட்டுநராக இருக்கிறான். வெள்ளிக்கிழமைதான் பூசைக்குப் போக முடிகிறது என்கிறான். அது ஞாயிறு பூசைக்கு ஈடாகுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கவலை வேண்டாம். குவைத்தில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், வளைகுடாப் பகுதியின் ஆயர்கள் ஞாயிறு வழிபாட்டை வெள்ளிக்கிழமையே கொண்டாட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதில் பங்கெடுப்பவர் கடமையை நிறைவேற்றியவரே. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 சனவரியில் விடுமுறை சனி, ஞாயிறாக மாறியது; அங்கே பழகிய நண்பர்கள் சொல்வதைக் கேட்டு மகன் குழம்பியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். சவூதி அரேபியாவில் கோவிலே இல்லை என்பதை நினைத்தால், குவைத்தில் தமிழர்களும் மலையாளிகளும் கோவாக்காரர்களும் பிலிப்பைன்ஸ் மக்களும் ஒரே வளாகத்தில் முறைவைத்துப் பூசை காண்பது எவ்வளவு பெரிய கொடை என்று புரியும். கூட்ட நெரிசலில் மகன் தனித்துப்போகாமல் இருக்க, அங்குள்ள தமிழ்ச் சமூகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்; உடல்நலக் குறைவு, ஊதியத் தகராறு, இறப்பு என்று எது நேர்ந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்களே.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் பகுதிக்குக் கட்டட வேலைக்கு வரும் இளைஞர்களிடையே கத்தோலிக்கரும் உண்டு. மொழி தெரியாமல் நம் கோவில்களின் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போகிறவர்கள் அவர்களாக இருக்கலாம். அவர்களுடைய பெற்றோரும் உங்களைப் போலவே கவலையோடு இருப்பார்கள் அல்லவா?

* * *

கேள்வி: மகளும் மருமகனும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பேரன் பிறந்திருக்கிறான். அடுத்த ஆண்டு விடுமுறைக்கு வரும்போது மதுரையில் எங்கள் பங்கிலேயே திருமுழுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. மருமகன் அங்கேயே வைக்கலாம் என்கிறார். எது முறை?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் ஆசை இயல்பானது. ஆனால் இந்த முறை மருமகன் பக்கம்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் திருமுழுக்கு, தகுந்த காரணம் இருந்தாலன்றி, பெற்றோரின் பங்குக் கோவிலில் நடப்பதே திருச்சபைச் சட்டத்தின் பொது விதி. பிறந்து முதல் சில வாரங்களுக்குள் நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அடுத்த ஆண்டு விடுமுறை வரை தள்ளிப்போடுவது நல்லதன்று.

சட்டத்தை விடுத்தும் இதை யோசித்துப் பாருங்கள். பேரன் மறைக்கல்விக்குப் போகப்போவதும், புதுநன்மை வாங்கப்போவதும், பீடச் சிறுவனாக நிற்கப்போவதும் அந்தக் கோவிலில்தான். சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே எழுப்பப்பட்டது. அங்கே இன்றும் தமிழில் பூசை நடக்கிறது. அவர்கள் எந்தப் பங்கில் இருந்தாலும், குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டிக்கு எடுத்துச் செல்லும் நாளில்தான் ஓர் இளம் குடும்பத்தைப் பங்கு மக்கள் பெயர் சொல்லி அறிகிறார்கள். ஞானப்பெற்றோரை உறவு முறைக்காக மதுரையிலிருந்தே தேட வேண்டும் என்பதில்லை; 16 வயது நிறைந்து, உறுதிபூசுதல் பெற்று, விசுவாச வாழ்வில் இருக்கும் ஒருவர் போதும், அவர் குழந்தையின் அருகில் இருப்பவராக அமைந்தால் இன்னும் நல்லது. விடுமுறையில் அவர்கள் வரும்போது உங்கள் பங்கில் நன்றித் திருப்பலி வையுங்கள், உறவினரை அழைத்து அசனமும் போடுங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

தகுந்த காரணம் இருந்து மதுரையிலேயே வைப்பதானால், சிங்கப்பூர்ப் பங்குத்தந்தையின் இசைவுக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வரச் சொல்லுங்கள். திருமுழுக்கு எங்கே நடக்கிறதோ அங்குள்ள பதிவேட்டில்தான் உறுதிபூசுதலும் திருமணமும் பின்னாளில் குறிக்கப்படும்; பேரன் எந்த நாட்டில் மணம் முடித்தாலும், அதற்காகப் புதிதாக எடுக்கப்பட்ட திருமுழுக்குச் சான்றிதழை அந்தக் கோவிலிலிருந்தே கேட்டுப் பெற வேண்டியிருக்கும். ஆகவே பதிவேட்டின் ஆண்டு, பக்கம், வரிசை எண் ஆகியவற்றை மகள் இப்போதே குறித்து வைத்துக்கொள்வதும், சான்றிதழின் ஒரு படியைச் சிங்கப்பூர்ப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைப்பதும் பயன்படும்.